சுவரில் படிந்த கை

எங்கள் பழைய வீட்டில், தறிக்குழிக்கு இடப்பக்கச் சுவரில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை இருந்தது. குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிறவர் சுவரில் கை ஊன்றித்தான் எழுந்திருக்க வேண்டும். தாத்தா ஊன்றிய இடத்திலேயே அப்பாவும் ஊன்றினார். எண்ணெயும் பாவுக் கஞ்சியும் வியர்வையும் சேர்ந்து அந்த இடம் கறுத்துப் பளபளப்பாகிவிட்டது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தால் மாசி பிறப்பதற்குள் கறை மறுபடி மேலே வந்துவிடும். எங்கள் ஊரான நகரியில் குழித்தறி இருந்த வீடுகளுக்குள் யார் நுழைந்தாலும், வீட்டுக்காரர் வாயைத் திறக்காமலே அவர் பிழைப்பு என்னவென்று சுவர் சொல்லிவிடும். பிறகு விசைத்தறி வந்தது, குழியை மூடிச் சிமெண்ட் பூசினார்கள், சுவரும் போயிற்று.

பல வருஷங்கள் கழித்து, யூதர்களின் வேத விளக்க நூலான தல்மூதில் வரும் ஒரு சம்பவத்தைப் படித்தபோது அந்தக் கறைதான் என் கண் முன்னே வந்து நின்றது. மதத் தலைவர் என்பவர் யார், அவருக்கு என்ன தகுதி வேண்டும் என்ற கேள்விக்கு நான் அறிந்தவற்றில் மிகவும் நேர்மையான பதில் அந்தச் சம்பவத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

கி.பி. 70-ல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். பலி கொடுக்கப் பீடம் இல்லை. பூசாரிக் குலத்தில் பிறந்தவர்களுக்குச் செய்ய வேலை இல்லை. மிஞ்சியது தோரா என்னும் வேதமும் அதைப் படித்துச் சொல்லக்கூடியவர்களும்தான். அவர்கள் யவ்னே என்ற ஊரில் கூடிப் பாடசாலை நடத்தினார்கள். அதற்குத் தலைவர் ரப்பன் கம்லியேல், பரம்பரையாகத் தலைமை வகித்த பெரிய குடும்பத்துக்காரர். அதே சபையில் யெஹோஷுவா என்றொரு ரப்பி இருந்தார். படிப்பில் யாருக்கும் இளைத்தவர் இல்லை, ஆனால் ஏழை.

மாலைத் தொழுகை கட்டாயமா, விருப்பமா என்று ஒரு மாணவன் இருவரையும் தனித்தனியே கேட்டான். விருப்பம் என்றார் யெஹோஷுவா. கட்டாயம் என்றார் கம்லியேல். சபை கூடியதும் கம்லியேல் அந்தக் கேள்வியை எழுப்பி, மாற்றுக் கருத்து யாருக்காவது உண்டா என்றார். சச்சரவு வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, யெஹோஷுவா இல்லை என்றார். கம்லியேல் விடவில்லை. எழுந்து நிற்கச் சொன்னார், அந்த மாணவனைச் சாட்சியாகக் காட்டினார். பிறகு தான் உட்கார்ந்தபடி பாடத்தைத் தொடர்ந்தார், வயதிலும் படிப்பிலும் பெரியவரான யெஹோஷுவா நின்றுகொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தல்மூது சொல்லவில்லை. சபையில் இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை, அதை மட்டும் சொல்கிறது. முணுமுணுப்பு எழுந்து, பாடத்தை நிறுத்தச் சொன்னார்கள். அன்றே கம்லியேலைத் தலைமையிலிருந்து இறக்கினார்கள். பதினெட்டு வயதான எலாசர் பென் அசரியா என்ற இளைஞரை அந்த இடத்தில் வைத்தார்கள்.

அன்று பாடசாலை வாசலில் இருந்த காவல்காரனையும் எடுத்துவிட்டார்கள். உள்ளும் புறமும் ஒன்றாக இல்லாத மாணவன் உள்ளே வரக்கூடாது என்பது கம்லியேல் போட்டிருந்த சட்டம். கேட்க நல்ல சட்டம்தான். ஆனால் அடுத்தவன் உள்ளத்தை வாசலில் நின்று யார் அளப்பது? காவல் நீங்கியதும் கூட்டம் உள்ளே வந்தது. நானூறு பெஞ்சு கூடுதலாகப் போட வேண்டியிருந்தது என்கிறார் ஒருவர், எழுநூறு என்கிறார் இன்னொருவர். அத்தனை பேர் அதுவரை வெளியே இருந்திருக்கிறார்கள்.

கம்லியேலைக் கெட்டவர் என்று தள்ளிவிட முடியாது. பதவி போன பிறகும் அவர் ஒரு வேளைகூடப் பாடசாலைக்கு வராமல் இருக்கவில்லை. பெஞ்சுகள் நிறைந்திருப்பதைப் பார்த்து, இத்தனை பேரைத் தடுத்துவிட்டேனே என்று மனம் நொந்தார். பிறகு மன்னிப்புக் கேட்க யெஹோஷுவாவின் வீட்டுக்குப் போனார். போனபோது அவர் கண்ணில் பட்டது சுவர். வீட்டுச் சுவர்கள் கறுத்திருந்தன. சுவரைப் பார்த்தால் நீர் கரி வேலை செய்பவர் போலிருக்கிறதே என்றார். கொல்லர் என்று பொருள் சொல்வோரும் உண்டு. தல்மூதின் இன்னொரு வடிவமான எருசலேம் தல்மூதோ, அவர் அப்போது ஊசி செய்துகொண்டிருந்தார் என்கிறது. எந்தத் தொழிலாக இருந்தால் என்ன, இத்தனை வருஷம் ஒரே சபையில் உட்கார்ந்த தலைவருக்கு அது தெரியவில்லை. யெஹோஷுவா அதைத்தான் பிடித்துக்கொண்டார். நின்றுகொண்டே இருக்க வைத்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. படித்தவர்கள் எப்படிப் பாடுபட்டுப் பிழைக்கிறார்கள், எதைத் தின்று உயிர் வாழ்கிறார்கள் என்று அறியாத ஒருவரைத் தலைவராகப் பெற்ற தலைமுறைக்காக இரங்கினார்.

மன்னித்தும்விட்டார். சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தியைச் சபைக்கு யார் கொண்டுபோவது என்று பேச்சு வந்தபோது, துணி வெளுப்பவர் ஒருவர் நான் போகிறேன் என்று கிளம்பினார். பெயர் இல்லை, ஊர் இல்லை. அத்தனை அறிஞர்களுக்கு நடுவே சண்டையைத் தீர்த்துவைக்கும் செய்தியைச் சுமந்து போனது அந்தத் தொழிலாளிதான். இதைச் சேர்த்து எழுதிவைத்தவர்களை நான் கும்பிடுகிறேன்.

ரப்பி என்றால் ஆசிரியர், அவ்வளவுதான். அவர் கையால் தொட்டுக் கொடுத்தால்தான் கடவுள் கிடைப்பார் என்பது யூத மரபில் இல்லை. முக்கியமான பொதுத் தொழுகைகளுக்குப் பத்துப் பேர் வேண்டும். பழைய வழக்கப்படி வயது வந்த ஆண்கள் பத்துப் பேர், இன்று பல சபைகளில் பெண்களையும் எண்ணுகிறார்கள். உலகம் போற்றும் ரப்பி ஒருவர் தனியாக நின்றால் அந்தத் தொழுகை நடக்காது. நெசவாளிகள் பத்துப் பேர் சேர்ந்தால் ரப்பி இல்லாமலே நடக்கும். தலைவருக்கு அந்தப் பத்தில் ஓர் இடம், அதற்கு மேல் இல்லை. நம் ஆந்திரத்திலேயே குண்டூர் பக்கம் கொத்தரெட்டிபாலெம் என்ற கிராமத்தில் தெலுங்கு பேசும் ஏழைக் குடும்பங்கள் சில, தாங்கள் பழைய இஸ்ரவேல் குலமான எப்ராயீமின் வழிவந்தவர்கள் என்று சொல்லி, 1991 முதல் சொந்தமாக ஒரு ஜெபக்கூடம் வைத்துக்கொண்டு சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிக்கிறார்கள். மாதிகா சமூகத்தவர்கள். அவர்கள் யூதர்தானா என்று வெளியே வாதம் நடக்கிறது. அந்தக் கூடத்தில் தொழுகை நடப்பதற்கு அந்த வாதம் முடிய வேண்டியதில்லை.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு எங்கள் தெருப் பஜனை கோயில் போதுமானதாக இருந்தது. மார்கழியில் விடியுமுன்னே பஜனை கிளம்பும். முன்னால் ஜால்ராவோடு போகிற பெரியவர் எங்களுக்குத் தாத்தா முறை. அவரும் தறிக்காரர்தான். குரல் அப்படி ஒன்றும் இனிமை இல்லை, பாட்டு நடுவில் மறந்தும் போகும். ஆனால் எந்த வீட்டில் எத்தனை நாளாகத் தறி ஓடவில்லை என்று அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டு வாசலில் பாட்டை முடித்துவிட்டு, "என்னப்பா, நாலு நாளா நாடா சத்தமே கேக்கல?" என்பார், மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில். அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக்கு அரிசியோ, நூலுக்கு முன்பணமோ எப்படியாவது போய்ச் சேரும். யார் கொடுத்தது என்று பேச்சே வராது. ஊரில் அவரைச் சாமியார் என்றோ குரு என்றோ யாரும் சொன்னதில்லை. அவர் இறந்த மார்கழிக்குப் பிறகுதான் எங்களுக்கு யார் தலைவராக இருந்தார் என்று தெரிந்தது.

அற்புதம் செய்து காட்டினால் தலைவராகிவிடலாம் என்ற நினைப்பு எல்லா மதத்திலும் உண்டு. யூத மரபு அதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறது, அதிலும் நம் யெஹோஷுவாவே வருகிறார். ஓர் அடுப்பு தீட்டுப்பட்டதா, சுத்தமா என்று விவாதம். எலியேசர் என்ற ரப்பி ஒருபுறம், மற்றவர்கள் எல்லோரும் மறுபுறம். தன் கட்சிதான் சரி என்று காட்ட எலியேசர் ஒரு மரத்தை இடம்பெயரச் செய்தார், ஓடுகிற நீரைப் பின்னோக்கி ஓடவிட்டார், பாடசாலைச் சுவர்களைச் சாய வைத்தார், கடைசியில் வானத்திலிருந்தே அவருக்கு ஆதரவாகக் குரல் வந்தது. யெஹோஷுவா எழுந்து, வேதம் இப்போது வானத்தில் இல்லை, நம்மிடம் தரப்பட்டுவிட்டது என்ற பொருளில் பேசினார். பெரும்பான்மை முடிவே நின்றது. கரி படிந்த வீட்டில் வாழ்ந்தவருக்கு வானத்துக் குரலையும் மறுக்கும் தைரியம் இருந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன். உழைத்துச் சாப்பிடுகிறவன் யாருக்கும் கடமைப்பட்டவன் இல்லை.

யூத அறிஞர் மைமோனிடிஸ் இதைச் சட்டமாகவே எழுதினார். வேதத்தை வைத்துச் சம்பாதிப்பவன் கடவுளின் பெயருக்கே இழுக்கு என்பது அவர் முடிவு. அவருக்கும் இந்தியாவுக்கும் துயரமான ஓர் உறவு உண்டு. அவரைப் படிக்கவிட்டுக் குடும்பத்தைத் தாங்கியவர் தம்பி தாவீது, ரத்தின வியாபாரி. இந்தியா நோக்கி வந்த கப்பலில் நம் கடலில் மூழ்கி இறந்தார். அண்ணன் ஏறக்குறைய ஒரு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். எழுந்த பிறகு வைத்தியம் செய்து பிழைத்தார். எகிப்தின் யூதர்களுக்கெல்லாம் தலைவராக இருந்த காலத்திலும், அரண்மனை வைத்தியம் முடிந்து பசியோடு வீடு திரும்பினால் திண்ணை நிறைய நோயாளிகள், யூதரும் யூதர் அல்லாதவரும் காத்திருப்பார்கள் என்றும், களைப்பில் படுத்தபடியே அவர்களுக்கு மருந்து சொல்வேன் என்றும் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ரப்பிகளுக்குச் சம்பளம் கொடுப்பது வழக்கமாயிற்று. முழு நேர வேலைக்குக் கூலி வேண்டும் என்பதும் நியாயமே. ஆனாலும் அந்தப் பழைய உறுத்தல் அவர்களை விட்டுப் போகவில்லை, அது நல்லது.

இனி கொச்சிக்கு வருகிறேன். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. தரையில் சீனத்திலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. மேலே கண்ணாடி விளக்குகள். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூத வணிகர் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்தில் வெட்டித் தந்த செப்பேடுகளும் அந்தச் சமூகத்தின் கையில்தான் வழிவழியாக இருந்தன. எழுபத்திரண்டு உரிமைகள். பகல் விளக்கு, நடக்கத் தரையில் விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காளம். பிற்காலத்தில் கொச்சி அரசர்கள் யூதத் தலைவருக்கு முதலியார் என்று பட்டம் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு முதலியார்கள் என்பதால் இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பும் நெருக்கமும் சேர்ந்து வந்தது. ஆனால் குடையும் பல்லக்கும் அரசன் கொடுத்தவை. வேதம் அவற்றைக் கேட்கவில்லை.

அந்த அழகான ஓட்டுத் தரையில் ஒரு வேதனை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியதால் பரதேசி யூதர்கள் எனப்பட்டவர்கள், தங்களுக்குள்ளேயே சிலரைத் தள்ளிவைத்தார்கள். ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தவர்கள், மெஷுக்ரரிம் என்று பெயர். அவர்களும் யூதர்கள், அதே தொழுகை, அதே ஓய்வுநாள். ஆனால் ஆலயத்துக்குள் பெஞ்சில் உட்காரக்கூடாது. முன்கூடத்தில் தரையில் இருக்க வேண்டும். இடுகாடும் தனி. அங்கே முன்பிருந்தே வாழ்ந்த மலபார் யூதர்களோடும் பரதேசிகள் மண உறவு வைக்கவில்லை. இதைப் பற்றி 16-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் இருந்த பெரிய ரப்பி தாவீது இப்னு சிம்ராவுக்குக் கேள்வி எழுதி அனுப்பப்பட்டது. சடங்கு முழுக்குப் போட்டுவிட்டால் அவர்கள் முழு யூதர்கள், பெண் கொடுக்கலாம், எடுக்கலாம் என்று தெளிவாகத் தீர்ப்பு வந்தது. அவருடைய சீடரும் பிறகு அதையே சொன்னார். கொச்சியில் யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு பஸ்கா பண்டிகையிலும் நாங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்தோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு சமூகம், அடிமையின் பேரன் என்பதற்காக ஒருவனைத் தரையில் உட்கார வைத்தது. இந்த நோயின் பெரும்பகுதி நம் மண்ணிலிருந்து அவர்களுக்கு ஒட்டியது. அதைச் சொல்லாமல் அவர்களை மட்டும் குறை சொன்னால் நான் பொய்யனாவேன்.

இங்கேதான் ஏ.பி. சேலம் வருகிறார். ஆபிரகாம் பராக் சேலம், 1882-ல் பிறந்தவர், தரையில் உட்கார வைக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை. சென்னைக்கு வந்து சட்டம் படித்தார். கொச்சி யூதர்களில் முதல் வழக்கறிஞர். 1925-ல் கொச்சிச் சட்டசபைக்குப் போனார், 1929-ல் லாகூர் காங்கிரசுக்குப் போனார், எர்ணாகுளத்தில் தொழிலாளர்களுக்காக மேடை ஏறினார். இத்தனைக்குப் பிறகும் சனிக்கிழமை தன் ஜெப ஆலயத்துக்குப் போனால் பெஞ்சு கிடையாது.

அவர் முன்னே வேறு மூன்று வழிகள் இருந்தன என்று நினைக்கிறேன். மதத்தையே உதறியிருக்கலாம். தனி ஆலயம் கட்டிக்கொண்டிருக்கலாம். நீதிமன்றத்துக்கு இழுத்திருக்கலாம், வழக்கறிஞருக்கு அது கைவந்த வேலை. சில காலம் ஆலயத்தைப் புறக்கணித்தார். பிறகு காந்தி வழியை எடுத்துக்கொண்டார். ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம். பக்கத்தில் வைக்கத்தில் 1924-25-ல் கோயில் தெருவுக்காக நடந்த போராட்டத்தை நம் தமிழர்கள் மறந்திருக்க முடியாது, பெரியார் அதில் சிறைக்குப் போனார். அதே காற்று மட்டாஞ்சேரிக்கும் வீசியது. ஊர் சேலத்துக்கு யூத காந்தி என்று பெயர் வைத்தது. 1930-களில் மானுடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் வந்து பார்த்தபோது பழைய விலக்குகள் பல ஒழிந்திருந்தன. சேலத்தின் மகன் பின்னாளில் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அதற்கும் ஆலயத்தில் எதிர்ப்பு இருந்தது.

சேலம் ரப்பி இல்லை. கொச்சியில் முறையாகப் பட்டம் பெற்ற ரப்பிகள் இருந்ததே இல்லை எனலாம், படித்த பெரியவர்கள்தான் எல்லாம் நடத்தினார்கள். ஆனாலும் அந்தச் சமூகத்தின் மதத் தலைவர் யார் என்று கேட்டால் நான் அவரையே சொல்வேன். கெய்ரோவிலிருந்து வந்த தீர்ப்பு சரியானது, கற்றறிந்தது, ஆனால் தூரத்தில் இருந்தது. அதை எழுதியவர் அந்தத் தரையில் உட்காரவில்லை. சேலம் உட்கார்ந்தார். அந்தக் குளிர்ந்த தரையில் உட்கார்ந்தபடியே அதே தொழுகையைச் சொன்னார். தன்னைத் தள்ளியவர்களும் தன் மக்கள்தான் என்பதை அவர் கைவிடவில்லை. 1933-ல் பாலஸ்தீனம் போய்ப் பார்த்தார். இஸ்ரேல் உருவான பிறகு, கொச்சி யூதர்கள் அங்கே குடியேற அந்த அரசோடு பேசப் போனார். மலபார் யூதர்கள் பெரும்பாலும் கப்பலும் விமானமும் ஏறினார்கள். எல்லோரையும் அனுப்ப உழைத்தவர் தான் மட்டும் கொச்சியிலேயே இருந்து 1967-ல் அங்கேயே இறந்தார்.

இப்படித் தங்கிவிட்ட இன்னொருவர் பெர்லின் ரப்பி லியோ பேக். நாஜிகள் காலத்தில் வெளிநாடு போகப் பலமுறை வாய்ப்பு வந்தும், ஜெர்மனியில் கடைசி யூதர்கள் இருக்கும்வரை நான் போகமாட்டேன் என்று இருந்துவிட்டார். 1943 ஜனவரியில் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். வயது அறுபத்தொன்பது. அங்கே பகலில் குப்பை வண்டி இழுத்தார். இரவில் இருட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்த கைதிகளுக்கு பிளேட்டோவும் கான்ட்டும் சொல்லிக்கொடுத்தார். உயிரோடு மீண்டார்.

இந்த மரபின் ஆணிவேர் மோசே. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், தலைமை வேண்டாம் என்று கடவுளிடமே சாக்குச் சொன்னவர். மக்கள் பொன் கன்றுக்குட்டியை வணங்கி அழிவைத் தேடிக்கொண்டபோது, அவர்களை மன்னிக்காவிட்டால் என் பெயரையும் உம் புத்தகத்திலிருந்து அழித்துவிடும் என்ற பொருளில் வாதாடினார். வாக்களித்த நாட்டுக்குள் அவர் நுழையவில்லை. அவர் கல்லறை எங்கே என்று வேதமே யாருக்கும் தெரியாது என்கிறது. கல்லறை தெரிந்திருந்தால் அங்கே உண்டியல் வைத்திருப்போம்.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? நகரியிலிருந்து புத்தூர் வழியாகத் திருப்பதி, அங்கிருந்து மலை ஏறினால் திருமலைக் கோயிலின் பெரிய வாசல். உள்ளே நுழையும்போது வலப்பக்கம் அண்ணாந்து பார்த்தால் சுவரில் ஒரு கடப்பாரை தொங்குகிறது. ராமாநுஜரின் சீடர் அனந்தாழ்வான், பெருமாளின் பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஏரி வெட்டிய கடப்பாரை. கர்ப்பிணி மனைவி மண் சுமந்தார் என்றும், உதவிக்கு வந்த சிறுவனைக் கோபத்தில் அடித்தபோது அது பெருமாளின் மோவாயில் பட்டது என்றும் கதை. இன்றும் மூலவரின் மோவாயில் பச்சைக் கற்பூரம் வைக்கிறார்கள். ராமாநுஜருக்கு ராமாயணம் சொல்லிக்கொடுத்த திருமலை நம்பியோ, அபிஷேகத்துக்குத் தினமும் தண்ணீர்க் குடம் சுமந்தவர். ஒரு ஆசாரியனின் நினைவாக இந்த மலை கடப்பாரையை வைத்திருக்கிறது, இன்னொருவரைக் குடத்தோடு நினைவில் வைத்திருக்கிறது. கூட்டம் தள்ளிக்கொண்டு போவதால் பாதிப் பேர் கடப்பாரையைப் பார்ப்பதே இல்லை. அடுத்த முறை போனால் ஒரு நொடி நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள்.

மட்டாஞ்சேரியில் பரதேசி யூதர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூட இல்லை. உள்ளூரில் பத்துப் பேர் தேறாததால், வெளியூரிலிருந்து யூதர்கள் வந்தால்தான் முழுத் தொழுகை. மற்ற நாட்களில் சுற்றுலாப் பயணிகள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நீல ஓடுகள் மேல் நடக்கிறார்கள். நான் போன அன்று, சேலம் உட்கார்ந்த முன்கூடத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஆசிரியை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து தெருப் பலகையைப் பார்த்தேன். ஆலயத்துக்குப் போகிற அந்தத் தெருவின் பெயர் ஏ.பி. சேலம் சாலை.